கேள்விகளைப் பதுக்கிய டின்

கடலோரத்துச் சிறிய ஊர் ஒன்றின் பள்ளிக்கூடத்தில், ஒன்பதாம் வகுப்பு மேசையின் மேல் ஒரு தகர டின் உட்கார்ந்திருந்தது. அதற்குள் முதலில் பிஸ்கட் இருந்தது. பிறகு ஆறு வருடம் முறுக்கு இருந்தது. இப்போது கேள்விகள் இருந்தன.

அது அங்கே வந்த கதை சின்னதுதான். அந்தப் பள்ளியில் வியாழக்கிழமை கடைசிப் பீரியடுக்கு நீதிபோதனை என்று பெயர். பெயர்தான் அப்படி. கணக்கு வாத்தியார் தனுஷ்கோடி சார், பாடம் முடியவில்லை என்று சொல்லி அதை எடுத்துக்கொள்வார். அவருக்கு எந்த வருடமும் பாடம் முடிந்ததில்லை. இந்த வருடம் வந்த ரெஜினா டீச்சர் போராடி அந்தப் பீரியடைத் திரும்ப வாங்கினார்.

"இந்த வகுப்பில் பல மாதிரி வீட்டுப் பிள்ளைகள் இருக்கிறீர்கள்" என்றார் டீச்சர். "பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் எதைக் கும்பிடுகிறாள், ஏன் கும்பிடுகிறாள், ஏன் கும்பிடாமல் இருக்கிறாள் என்று நமக்குத் தெரியாது. கேட்கவும் கூச்சம். அந்தக் கூச்சத்தைச் சீட்டில் எழுதி இந்த டின்னில் போடுங்கள். பெயர் வேண்டாம். வாரம் மூன்று சீட்டு எடுப்பேன். யாருக்குப் பதில் தெரியுமோ அவர்கள் சொல்லட்டும்."

டீச்சர் வீட்டுச் சமையலறையிலிருந்து இப்படித்தான் அந்த டின் கல்விப் பணிக்கு வந்து சேர்ந்தது.

அதற்குப் பெருமை தாங்கவில்லை. பயமும் தாங்கவில்லை.

"நான் என்ன படித்தவளா?" என்று அது பக்கத்திலிருந்த டஸ்டரிடம் புலம்பியது. "என் படிப்பெல்லாம் என் மூடியில் எழுதியிருப்பதோடு சரி. 'உலர்ந்த இடத்தில் வைக்கவும். திறந்தபின் இறுக மூடவும்.' அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது."

"வாழ்க்கைக்கு அது போதும்" என்றது டஸ்டர். அது வயதான டஸ்டர். எதை எழுதினாலும் அழித்துவிடலாம் என்பதுதான் அதனுடைய தத்துவம்.

மேசை விளிம்பில் கிடந்த சாக்பீஸ் சிரித்தது. சாக்பீஸ்கள் வாராவாரம் மாறும். ஆனால் எல்லாச் சாக்பீஸுக்கும் ஒரே வாய்தான். "டின்னக்கா, முறுக்குக்குச் சொன்ன புத்தியைக் கேள்விக்குச் சொல்லாதீங்க" என்றது.

"காற்றுப் பட்டால் எல்லாமே நமத்துப்போகும், தம்பி. எனக்குத் தெரியாதா?"

முதல் சீட்டு வந்து விழுந்தது. 'நோன்புக் கஞ்சியில் என்னென்ன போடுவீர்கள்?' என்று கேட்டது. டின்னுக்கு உயிர் வந்தது. "வா கண்ணு, வா. இப்படி உட்கார்."

இரண்டாவது சீட்டு வந்தது. 'சாமி என்றால் சாகாது. சிலுவையில் செத்தவரை ஏன் சாமி என்கிறீர்கள்?'

டின் கிடுகிடுத்துப் போனது. "ஐயையோ! இதை யார் முன்னால் படிப்பது? டீச்சரே சர்ச்சுக்குப் போகிறவர். உனக்கு வேறு கேள்வியே கிடைக்கவில்லையா? அச்சு முறுக்கைப் பற்றிக் கேட்கக் கூடாதா?"

"எனக்குப் பசி இல்லை" என்றது சீட்டு. "சந்தேகம்தான் இருக்கிறது."

"சந்தேகத்தை வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும்."

"வீட்டில் கேட்டேன். இங்கே வந்து கேட்கச் சொன்னார்கள்."

டின்னின் அடியில், பிஸ்கட் நொறுங்காமல் இருக்கப் போட்ட நெளிநெளியான பழுப்புக் காகிதம் ஒன்று இன்னும் கிடந்தது. டின் மெல்ல உடம்பைச் சாய்த்தது. காகிதத்தின் ஒரு ஓரம் தூக்கியது. சீட்டு சறுக்கிக்கொண்டு அதற்கு அடியில் போய்விட்டது.

"பத்திரமாக இரு" என்றது டின். "உன் நல்லதுக்குத்தான்."

அதன் பிறகு 'கல்லுக்குப் பால் ஊற்றினால் கல்லுக்குத் தெரியுமா?' வந்தது. அது அடியில் போனது. 'நாங்களெல்லாம் நரகத்துக்குத்தான் போவோம் என்று நிஜமாகவே நினைக்கிறீர்களா?' வந்தது. அதுவும் அடியில் போனது. ஒரு நாள், கட்டம் போட்ட கணக்கு நோட்டுத் தாளில் ஒரு சீட்டு வந்தது. 'எங்கள் வீட்டில் சாமி கிடையாது. காலையில் நீங்கள் எல்லோரும் கும்பிடும்போது நான் எங்கே பார்க்க வேண்டும்?'

டின் அதை இரண்டு முறை படித்தது. சண்டைக்கு வந்த கேள்வி மாதிரி தெரியவில்லை. ஆனாலும் சாமி கிடையாது என்கிறதே! எதற்கு வம்பு? அதையும் அடியில் தள்ளியது.

ஆகவே டீச்சர் கை விட்டபோதெல்லாம் மேலே கிடந்ததுதான் வந்தது. கொழுக்கட்டைக்குப் பூரணம் எப்படி? ரம்ஜானுக்கு எத்தனை வகைப் பலகாரம்? கிறிஸ்துமஸ் கேக்கில் முட்டை உண்டா? ஒரு வாரம் வட்டலப்பம் செய்முறையை ஒரு பிள்ளை கரும்பலகையில் எழுதியது. மறுவாரம் பஞ்சாமிர்தம். வகுப்பில் எல்லோரும் எல்லோரையும் பார்த்துப் புன்னகை செய்தார்கள். அப்படியே கொட்டாவியும் விட்டார்கள்.

தனுஷ்கோடி சார் ஒரு நாள் வாசலில் நின்று கரும்பலகையைப் படித்தார். தேங்காய்ப்பால் இரண்டு டம்ளர், முட்டை ஆறு.

"டீச்சர், இது நீதிபோதனையா, கேட்டரிங் கோர்ஸா?" என்றார். "பிள்ளைகளுக்கு வர்க்கமூலம் வரவில்லை."

ரெஜினா டீச்சர் முகம் வாடிப்போனது. "சீட்டில் என்ன வருகிறதோ அதைத்தானே சார் நான் எடுக்க முடியும்?"

டின் மட்டும் மகிழ்ந்துபோய் உட்கார்ந்திருந்தது. "மூன்று மாதமாக ஒரு சின்னச் சண்டை உண்டா? எல்லாம் யாரால்?" என்று டஸ்டரைக் கேட்டது.

"உங்களால்தான்" என்றது டஸ்டர், வட்டலப்பத்தை அழித்துக்கொண்டே.

"அதோடு இன்னொன்றைக் கவனித்தீர்களா அண்ணே? தினமும் காலையில் பிரேயர் மணி அடித்ததும் எல்லோரும் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். அந்த மூன்றாவது பெஞ்சுப் பெண், ரஷ்யா, அவள் மட்டும் கண்ணைத் திறந்து என்னையே பார்க்கிறாள். ஒரு நிமிடம் முழுக்க! எத்தனையோ சாமான் இருக்கும் இந்த அறையில் என் அருமை ஒருத்திக்காவது தெரிந்திருக்கிறது."

"உங்க மூடிமேலே பூப் படம் போட்டிருக்கிறதே, அதைப் பார்ப்பாளாக இருக்கும்" என்றது சாக்பீஸ்.

"நீ வாயை மூடு."

இரண்டாவது பெஞ்சில் ருக்கையாவும் சுகப்பிரியாவும் இருந்தார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. மழை நாளில் ஒரே குடை. ருக்கையாவின் டிபன் பாக்ஸில் எது இருந்தாலும் இரண்டாக இருக்கும். இரண்டாவது சுகப்பிரியாவுக்கு.

அந்தப் புரட்டாசியில் இரண்டு விசேஷம் வந்தது. முதலில் ருக்கையாவின் அக்காவுக்குக் கல்யாணம். சுகப்பிரியா பட்டுப் பாவாடை கட்டிக்கொண்டு போனாள், ஒரு டம்ளர் சர்பத் குடித்தாள், பந்தியில் உட்காராமல் திரும்பிவிட்டாள். அடுத்தது சுகப்பிரியா வீட்டுக் கொலு. ருக்கையா வந்தாள், பொம்மையெல்லாம் பார்த்தாள், சுண்டலைக் கையில் வாங்கிக்கொண்டாள். போகும்போது அதை மதில்மேல் வைத்துவிட்டுப் போனாள். சுகப்பிரியா மாடி ஜன்னலிலிருந்து அதைப் பார்த்துவிட்டாள்.

அந்த வாரம் ஒரே நாளில் இரண்டு சீட்டுகள் டின்னுக்குள் விழுந்தன.

'நாலு வருஷமா எனக்கு ஃப்ரெண்டு. எங்கள் வீட்டுச் சுண்டல் காக்காய்க்குப் போடுகிற அளவுக்குக் கேவலமா?'

'ஃப்ரெண்டு என்று சொல்கிறாள். எங்கள் வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தால் அவளுக்குத் தீட்டா?'

டின் இரண்டையும் படித்தது. இதைப் பார்த்து டீச்சர் வாய்விட்டுப் படித்தால் என்ன ஆகும்! வகுப்பு இரண்டாகும், ஊர் இரண்டாகும், பேப்பரில் வரும், கடைசியில் ஒரு பழைய பிஸ்கட் டின்னால்தான் எல்லாம் என்று எழுதுவார்கள். அது அவசரமாகச் சாய்ந்தது. இரண்டும் அடியில் போயின. டின் மூடியை டப்பென்று இன்னும் இறுக்கிக்கொண்டது.

காகிதத்துக்கு அடியில் இருட்டில் இரண்டு சீட்டுகளும் முட்டிக்கொண்டன.

"நீ யார்?"

"நான் சுண்டல். நீ?"

"பந்தி."

"உன்மேல் என்ன ஈரம்?"

"எழுதும்போது அழுதாள். உன்மேலும் மை கலைந்திருக்கிறதே?"

"என்னவளும்தான்."

பிறகு இரண்டும் சேர்ந்து காகிதத்தைத் தட்டின. "அக்கா! எங்களை வெளியே விடுங்கள். நாங்கள் திட்டு இல்லை, கேள்வி. எங்கள் கடைசியில் கேள்விக்குறி இருக்கிறது, பாருங்கள்!"

"வெளியே காற்று" என்றது டின். "நமத்துப்போவீர்கள்."

"இங்கேதான் நமத்துக்கொண்டிருக்கிறோம்" என்று ஆழத்திலிருந்து யாரோ சொன்னார்கள். அது ஜூன் மாதத்துச் சீட்டு.

டின் கேட்காத மாதிரி இருந்துகொண்டது.

திங்கட்கிழமை இன்டர்வெல்லில் சுகப்பிரியா மேசைக்கு வந்தாள். "டீச்சர், எனக்கு போர்டு தெரியலை. இடம் மாத்திக் குடுங்க." அவள் போனதும் ருக்கையா வந்தாள். "டீச்சர், எனக்கு ஜன்னல் வெளிச்சம் கண்ணு கூசுது. இடம் மாத்திக் குடுங்க."

டீச்சர் இருவரையும் ஒரு பார்வை பார்த்தார். "வெள்ளிக்கிழமை புது இடப் பட்டியல் போடுகிறேன். அதற்குப் பிறகு வருஷம் முடிகிறவரை மாற்ற மாட்டேன். யோசித்துக்கொள்ளுங்கள்."

"யோசிச்சாச்சு டீச்சர்" என்றார்கள், தனித்தனியாக, ஒரே மாதிரி.

டின் உற்சாகமாகிவிட்டது. "பார்த்தாயா தம்பி? ஒரு வார்த்தை தடித்துப் பேசவில்லை. போர்டு தெரியவில்லை, வெளிச்சம் கூசுகிறது! எவ்வளவு மரியாதையாகப் பிரிகிறார்கள்!"

"ஆமாம் அக்கா" என்றது சாக்பீஸ். "பிரேதம்கூட ரொம்ப மரியாதையாத்தான் படுத்திருக்கும்."

டின் வெடுக்கென்று மறுபக்கம் திரும்பிக்கொண்டது. அதற்குக் கோபம்.

மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்தது. ருக்கையா சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தாள். இட்லிக்குப் பக்கத்தில் இரண்டு போளி இருந்தது. இரண்டாவதைப் பழக்கத்தில் எடுத்து நீட்டப் போனாள். கை பாதி வழியில் நின்றது. பிறகு அதைத் திரும்ப உள்ளே வைத்து மூடியை அழுத்தினாள்.

டப் என்று ஒரு சத்தம்.

அந்தச் சத்தத்தை டின்னுக்கு நன்றாகத் தெரியும். நாலு மாதமாக அது தானே போட்டுக்கொண்டிருந்த சத்தம்தான்.

"டஸ்டர் அண்ணே" என்றது மெதுவாக. "நான் ஏதோ தப்புப் பண்ணிவிட்டேனோ?"

"அதெல்லாம் மறந்துவிடலாம்" என்றது டஸ்டர். "நான் எத்தனையை மறந்திருக்கிறேன்!"

டின் மறக்கப் பார்த்தது. தகரத்துக்கு அது முடியவில்லை. அன்று முழுவதும் அது தன்னையே திட்டிக்கொண்டிருந்தது. கேள்வி வைக்கச் சொல்லிக் கொண்டுவந்தார்கள், நான் முறுக்கு வைக்கிற மாதிரி வைத்தேன். முறுக்காவது கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் வெளியே வரும்.

வியாழக்கிழமை வந்தது. கடைசிப் பீரியட். தனுஷ்கோடி சார் கையில் கணக்குப் புத்தகத்தோடு வராந்தாவிலேயே நின்றார். சமையல் குறிப்பு வந்தால் பாதியில் உள்ளே வந்துவிடுவது என்று அவருக்கு எண்ணம்.

டீச்சர் கையை விட்டார். 'கிறிஸ்துமஸ் கேக்கில் முட்டை உண்டா?'

"இது மூணாவது தடவை டீச்சர்" என்றான் பின் பெஞ்சிலிருந்து ஒருவன். வகுப்பு சோம்பலாகச் சிரித்தது. சுகப்பிரியா பெஞ்சின் இந்த ஓரத்தில் இருந்தாள், ருக்கையா அந்த ஓரத்தில். நடுவில் மூன்று பேர் உட்காரலாம்.

"உள்ளே வேறு சீட்டே இல்லையா?" என்று டீச்சர் டின்னைக் கவிழ்க்காத குறையாகத் தேடினார். விரல் பழுப்புக் காகிதத்தைத் தடவிவிட்டுத் திரும்பியது.

இப்போது விடுகிறேன் என்று டின் உடம்பைச் சாய்த்தது. காகிதம் அசையவில்லை. கடைசி இரண்டு சீட்டின் ஈரமும் கடல் காற்றும் சேர்ந்து, தகரத்தின் துருவோடு ஒட்டிப்போயிருந்தது. மறுபக்கம் சாய்ந்தது. ஊஹூம். நாலு மாதம் அடக்கி வைத்த டின்னுக்கு இப்போது திறக்கத் தெரியவில்லை.

"அக்கா, விழுங்க!" என்றது சாக்பீஸ்.

"என்ன?"

"மேசையிலேர்ந்து விழுங்க!"

"நசுங்கிப் போவேனே! மூடி சேராதே!"

"மூடி எதுக்கு இனிமேல்?"

டின் கீழே பார்த்தது. சிமென்ட் தரை. பயத்துக்கு அதனிடம் ஆயிரம் காரணம் இருந்தது. ஒன்றொன்றாக யோசிக்க ஆரம்பித்தால் வெள்ளிக்கிழமை வந்துவிடும் என்றும் அதற்குத் தெரிந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு விளிம்பைத் தாண்டியது.

பள்ளிக்கூடமே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு சத்தம். டின் ஒரு பக்கம் ஒடுங்கி உருண்டது. பழுப்புக் காகிதம் தெறித்து விழுந்தது. அதற்கு அடியிலிருந்து சீட்டுகள் தரையெங்கும் சிதறின.

டீச்சர் குனிந்து எடுத்தார். ஒன்றைப் படித்தார். இன்னொன்றைப் படித்தார். முகம் மாறியது. "இதெல்லாம் எப்படி அடியில் போயிற்று?" என்றார் தனக்குத்தானே. யாரும் டின்னைச் சந்தேகப்படவில்லை. ஒரு டின் இப்படியெல்லாம் கவலைப்படும் என்று யாருக்குத் தோன்றும்?

டீச்சர் மை கலைந்த இரண்டு சீட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். பிறகு மெதுவாக, இரண்டையும் சத்தமாகப் படித்தார்.

தரையில் கிடந்த டின், உலகம் இப்போது இடியும் என்று காத்திருந்தது.

ருக்கையா எழுந்தாள். "டீச்சர், சுண்டல வச்சது நான்தான். சாமிக்குப் படைச்சத நாங்க சாப்புட மாட்டோம். அது எங்க வழக்கம். வேணாம்னு மூஞ்சிக்கு நேரா சொன்னா அவ அம்மாக்குச் சங்கடமா இருக்கும்னு வாங்கிக்கிட்டேன். குப்பையில போட மனசு வரல. காக்காயாச்சும் தின்னட்டும்னுதான்..."

"லூசாடி நீ?" சுகப்பிரியாவும் எழுந்துவிட்டாள். "படைக்காத சுண்டல் அடுப்படியில ஒரு குண்டான் நிறைய இருந்துச்சு! ஒரு வார்த்த கேட்டா எடுத்துட்டு வந்திருப்பேன்ல?"

"நீ மட்டும் கேட்டியா? எங்க லாத்தா கல்யாணத்துல சர்பத்தக் குடிச்சிட்டு ஓடிட்ட!"

"புரட்டாசி மாசம்டி! எங்க வீட்டுல கவுச்சி தொட மாட்டோம்! கல்யாண வீட்டுல போய் அதச் சொல்லிக்கிட்டா இருப்பாங்க?"

"சொல்லியிருந்தா என்ன? உனக்குன்னு உம்மா தனியா தேங்கா சோறும் கத்திரிக்கா பச்சடியும் பண்ணி எடுத்து வச்சிருந்துச்சு. நீ போனதும் உம்மா, 'அந்தப் புள்ள ஏன் நம்மகிட்ட சாப்புடாம போவுது'ன்னு ராத்திரி வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்துச்சு!"

இருவர் குரலும் வராந்தா வரை கேட்டது.

"ஐயோ, சண்டை!" என்று டின் முனகியது.

"அக்கா, நல்லாப் பாருங்க" என்றது மேசைமேலிருந்து சாக்பீஸ். "பெஞ்சுக்கு நடுவுல எத்தன பேர் உக்காரலாம்?"

டின் பார்த்தது. கத்திக் கத்தி இருவரும் நடுவுக்கே வந்திருந்தார்கள். இப்போது அங்கே ஒரு நோட்டுப் புத்தகம்கூட வைக்க முடியாது.

தனுஷ்கோடி சார் எப்போது உள்ளே வந்தார் என்று யாருக்கும் தெரியாது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "டீச்சர், அந்தக் கல்லுக்குப் பால் கேள்வியையும் படியுங்கள்" என்றார். "எனக்கும் ரொம்ப நாளாக..." என்று சொல்லிவிட்டு மிச்சத்தை விழுங்கிக்கொண்டார்.

மணி அடிக்கும்வரை சீட்டுகளைப் படித்தார்கள். எல்லாவற்றுக்கும் பதில் கிடைக்கவில்லை. சாமி எப்படிச் சாகும் என்பதற்கு டீச்சரே, "நாங்கள் நம்புவதைச் சொல்கிறேன், நீ ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை" என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தி, அடுத்த வாரம் யோசித்து வருவதாகச் சொன்னார். சிலருக்கு முகம் சிவந்தது. ஒரு சீட்டு துரு ஏறிப் படிக்கவே முடியவில்லை. "யார் எழுதியது?" என்று டீச்சர் கேட்டார். ஒருவரும் கை தூக்கவில்லை. எழுதியவருக்கே மறந்திருக்கலாம். கேட்டு அலுத்திருக்கலாம். அந்தச் சீட்டைப் பார்க்க டின்னுக்குத் தைரியம் வரவில்லை.

கடைசியாகக் கட்டம் போட்ட தாள் வந்தது. 'எங்கள் வீட்டில் சாமி கிடையாது. காலையில் நீங்கள் எல்லோரும் கும்பிடும்போது நான் எங்கே பார்க்க வேண்டும்?'

மூன்றாவது பெஞ்சில் ரஷ்யா எழுந்தாள். "நான்தான் டீச்சர். கண்ண மூடினா பொய் மாதிரி இருக்கு. உங்களப் பார்த்தா வேடிக்கை பார்க்கிற மாதிரி இருக்கு. அதான் தினம் அந்த டின்னயே பார்த்துட்டு நின்னேன்."

"ஏன் டின்னை?"

"என் சீட்டு அதுக்குள்ளதானே இருக்கு? இன்னிக்காச்சும் வருமான்னு பார்ப்பேன்."

தரையில் கிடந்த டின், தன் வாழ்நாளில் முதல்முறையாக, மூடி இல்லாமல் போனதற்காக வருத்தப்பட்டது. முகத்தை மூடிக்கொள்ள வேறு எதுவும் இல்லை. அருமை தெரிந்தவள் என்றோமே! அந்தப் பிள்ளை மாதக்கணக்காக வாசலில் நின்று கதவைப் பார்த்திருக்கிறது. உள்ளே இருந்த நாம் தலை சீவிக்கொண்டிருந்திருக்கிறோம்.

"எங்களயே பாரு ரஷ்யா" என்றாள் ருக்கையா. "வேடிக்கையெல்லாம் இல்ல. நாங்க துவா கேக்கும்போது பின்னாடி எவனோ என் பேனாவ எடுக்கிறான். யாருன்னு பார்த்துச் சொல்லு."

வகுப்பு சிரித்தது. இந்தத் தடவை கொட்டாவி கலக்காத சிரிப்பு.

மறுநாள் வெள்ளிக்கிழமை. இடப் பட்டியலில் இரண்டாவது பெஞ்சு மாறவில்லை. டீச்சர் டின்னைத் துடைத்துத் திரும்ப மேசைமேல் வைத்திருந்தார். ஒரு பக்கம் ஒடுங்கியிருந்ததால் மூடி சேரவில்லை. பழுப்புக் காகிதம் குப்பைக்குப் போயிருந்தது. எது உள்ளே விழுந்தாலும் நேராகத் தகரத்தில் பட்டு டங் என்று சத்தம் வந்தது. அந்தச் சத்தத்துக்கு டின் ஒவ்வொரு தடவையும் பயந்தது. சுபாவம் ஒரே நாளில் போய்விடுமா?

பிரேயர் மணி அடித்தது. எல்லோரும் எழுந்தார்கள். கை கூப்பியவர்கள் கூப்பினார்கள், ஏந்தியவர்கள் ஏந்தினார்கள், நெற்றியிலும் நெஞ்சிலும் தொட்டுக்கொண்டவர்கள் தொட்டுக்கொண்டார்கள். டின் பழக்கதோஷத்தில் நிமிர்ந்து மூன்றாவது பெஞ்சைப் பார்த்தது.

ரஷ்யா அதைப் பார்க்கவில்லை. கும்பிடும் தன் தோழிகளைப் பார்த்துக்கொண்டு நிமிர்ந்து நின்றாள்.

டின்னுக்கு லேசாக வருத்தமாகத்தான் இருந்தது. "போகட்டும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, வாயைத் திறந்தே வைத்திருந்தது.